மாசியில் அலை கம்மி

என் மாமாவுக்கு வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு கடலில் சீசன். மாமா என்றால் என்னைக் கட்டியவர், தாய்மாமன் மகன். கரியாலூர் அருவித் தண்ணீரில் நீந்திப் பழகி, புதுச்சேரிக்கு ஓட்டல் வேலைக்குப் போன இடத்தில் அலைச்சறுக்குக் கற்றுக்கொண்டு, பிறகு அதையே வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தரும் வேலைக்குப் போனவர். சித்திரை பிறந்தால் இலங்கையின் கிழக்குக் கரை, அறுகம் குடா. அங்கிருந்து பாலி. எங்கள் ஊரில் மழை பிடிக்கும்போது இலங்கையின் தெற்குக் கரை. இடையில் கிடைக்கிற நாட்களில் சங்கராபுரத்து வீட்டில் எனக்குப் புருஷன்.

எனக்குக் கடல் என்றாலே பயம். முட்டிக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. கல்யாணமான புதிதில் புதுச்சேரியில் கையைப் பிடித்து இழுத்தார். அலை ஓயட்டும், வருகிறேன் என்றேன். அலை எப்போது ஓய்வது, நீ எப்போது தலை முழுகுவது என்று சிரித்தார். பழமொழி சொல்லி வாயை அடைப்பதில் மனுஷன் கெட்டிக்காரர்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்து, ஆஸ்பத்திரியில் கையை விரித்த பிறகு, கட்டிலோடு கிடந்தார். சாயங்காலமானால் எங்களுக்கு ஒரு விளையாட்டு. நான் மாதத்தைச் சொல்வேன், அலைக்குப் போக வேண்டிய ஊரை அவர் சொல்வார். சில நாள் மாற்றி விளையாடுவோம். ஆடிக்கு ஹவாய் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அப்போது அதன் வடக்குக் கரை குளம் மாதிரி கிடக்கும், மார்கழிக்குப் போ என்று நிஜமாகவே கோபித்துக்கொண்டார். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவருக்கு எந்த மாதம் எந்த ஊரானால் என்ன என்று எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும் மறுநாள் நானேதான் ஆரம்பித்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள், மாசி என்றேன். மொராக்கோ என்பார் என்று எதிர்பார்த்தேன். ஓட்டின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது, என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"மாசிக்கு நம்ம புதுச்சேரிதான். அலை கம்மி. அப்போ என்னைக் கொண்டாந்து கரைச்சிடு. நீ பயப்படாம இறங்கலாம்."

போர்வையை இழுத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதேன்.

கார்த்திகையில் போய்விட்டார். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் கலயத்தைத் துணியில் கட்டி வாசல் வேப்பமரத்தில் தொங்கவிட்டோம். எங்கள் பக்கத்தில் அது ரெண்டொரு நாளைக்குத்தான். மாசி வரைக்கும் இருக்கட்டும் என்று நான் சொன்னதும், வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சொந்தக்காரர்களுக்கு அவல் கிடைத்தது. அலை ஓய்ந்து தலை முழுகப் போகிறாளாம் என்று அவருடைய பழமொழியையே எடுத்து என் மேல் வீசினார்கள். அதை நான் காதில் வாங்கவில்லை. அத்தையைத்தான் பார்க்க முடியவில்லை. பெற்றவள் அல்லவா, மரத்தைத் தாண்டும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள்.

"எம் புள்ளய இன்னும் எத்தினி நாளிக்கி இப்டித் தொங்க வுட்டுக்கினு இருப்ப?"

அவர் சொன்னதைச் சொன்னேன். அதன்பிறகு அத்தை கேட்கவில்லை. மார்கழிப் பனிக்குக் கலயத்தின் மேல் இன்னொரு துணியைச் சுற்றிக் கட்டினாள்.

மாசி மகத்துக்குக் கூட்டம் சேரும் முன்பே நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். அவர் சொன்னது சொன்னபடியே இருந்தது கடல். அத்தையைக் கரையில் உட்காரவைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீர் வரும்வரை நடந்தேன். பயம் வரவில்லை. கலயத்தைக் கவிழ்த்தேன்.

சாம்பல் போகவில்லை. இழுத்துப் போக அலை இல்லாமல் என் புடவையைச் சுற்றியே மிதந்தது. கையால் தள்ளிவிட்டேன், திரும்பி வந்து ஒட்டியது. போ மாமா என்று சொல்லிக்கூடப் பார்த்தேன். காலமெல்லாம் அலைக்குப் பயந்தவள், ஒரே ஒரு அலை வராதா என்று கடலைப் பார்த்து அழுதுகொண்டு நின்றேன்.