தேனில் குழைத்த மாத்திரை

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சாயப் பட்டறையில் வேலையில் இருந்தேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், செங்கல் சூளை, ஓட்டல் என்று கிடைத்ததைச் செய்துகொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பேன். அந்த ஊரில் என்னை நிறுத்தியது இருமல்தான். ஆஸ்பத்திரியில் காசநோய் என்றார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், நடுவில் விட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார்கள்.

பட்டறையை நடத்தியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். நோயைச் சொன்னால் துரத்திவிடுவார்கள் என்று முன்கூட்டியே பையைக் கட்டி வைத்திருந்தேன். சொன்னதும் அந்த அக்கா பையைப் பார்த்தார். “இத்த எங்க தூக்கிக்கினு போற? அந்தப் பக்கமா படுத்துக்கோ. இருமும்போது வாயில துணி வெச்சுக்கோ” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மாத்திரைகள் பெரியவை, வேளைக்கு ஒரு கை நிறைய. தொண்டையில் சிக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதைப் பார்த்த அக்கா, சின்ன உரலில் இடித்துத் தேனில் குழைத்துத் தர ஆரம்பித்தார். “மாப்பிள்ளைக்கு விருந்து நடக்குது பாரு!” என்று அவர் கணவர், அண்ணன், கேலி செய்வார்.

சில வாரங்களில் வயிறு நெருப்பாக எரிந்தது. சாப்பிட்டது தங்கவில்லை. சாயத் தொட்டி முன்னால் நிற்கவே முடியவில்லை. நோயை முந்திக்கொண்டு மருந்தே கொன்றுவிடும் என்று தோன்றியது. வாரக் கடைசியில் மாத்திரையை எறிந்துவிட்டு பஸ் ஏறிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அதற்குள் அக்கா ஒரு கல்யாணத்துக்காக முசரவாக்கம் போய்விட்டார். இடித்துத் தர ஆளில்லை. மோரைக் குடித்துக் குடித்து ஒவ்வொன்றாக முழுசாக விழுங்கினேன். அன்று எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. அண்ணனிடம் சொன்னேன். அவர் எந்தப் புதுச் சரக்கையும் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். சாயம் ஏற்ற வைத்திருந்த புளிப்புத் தண்ணீரில் ஒரு மாத்திரையைப் போட்டார். மத்தியானம் வரை அது அப்படியே கிடந்தது.

“எங்க கரையுது? உன்ன நல்லா ஏமாத்திட்டானுங்கப்பா! வயித்துல கூழாங்கல்லா உருண்டுக்கினு இருக்குது” என்று என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சண்டைக்குப் புறப்பட்டார்.

மருந்து கொடுப்பவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். மேலே இருக்கும் பூச்சு வயிற்றுப் புளிப்பில் கரையக் கூடாது என்றே போட்டதாம். வயிற்றைத் தாண்டி, புளிப்பு குறைந்த குடலுக்குப் போனால்தான் அது கரைந்து மருந்தை வெளியே விடுமாம். இடித்துத் தின்றால் மருந்து வயிற்றிலேயே கொட்டி எரியும், பாதி வீணாகவும் போகும் என்றார்.

பட்டறைக்கு வந்ததும் அண்ணன் புளிப்பில் கிடந்த அதே மாத்திரையை எடுத்து, பட்டு நூலின் பசையை எடுக்கும் சோடாத் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் பூச்சு கழன்று தண்ணீர் கலங்கியது. “அடேய், கச்சாப் பட்டு கணக்கா இருக்குதுபா! புளிப்புல மசிய மாட்டுது, சோடாவுல வுட்டுடுது!” என்று கத்தினார்.

அக்கா திரும்பி வந்ததும் அண்ணன் இரண்டு கிண்ணம் வைத்து அவருக்கும் காட்டினார். அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ இம்மா நாளா இந்தப் புள்ள வயித்த எரிய வெச்சது நான்தானா?”

அக்கா உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். “வுடு, உரலுக்கு லீவு” என்றார் அண்ணன். “நீ சும்மா இருய்யா” என்று ஒரு அதட்டல் விழுந்தது.

மறுநாளிலிருந்து மாத்திரையை வாழைப்பழத் துண்டில் செருகிக் கொடுத்தார். விழுங்கிவிட்டு நான் வாயைத் திறந்து காட்டும் வரை எதிரிலேயே நிற்பார். கட்டி வைத்த பையை நான் அவிழ்த்துவிட்டேன். எந்த ஊரிலும் நிலைக்காதவன், மருந்து முடியும் வரை அங்கேயே இருந்தேன். குணமானதும் வழக்கம்போல் கிளம்பிவிட்டேன்.

நோயைத் தீர்த்தது மாத்திரைதான்; ஆனால் அது வேலை செய்யும் வரை என்னை ஓரிடத்தில் இருக்க வைத்தது தேனில் குழைத்துத் தந்த அந்தக் கை என்பதால், யாராவது அன்பாகச் செய்தது எனக்கு வலித்தால், பையைத் தூக்குவதற்கு முன் இன்றும் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கிறேன்.