படலையில் கட்டிய கயிறு

சல்லி என்கிற அந்தக் கடற்கரை ஊரில் சுலோஜனாவின் வாய்க்குப் பயப்படாத ஆளில்லை. மீன் எடுக்க வருகிற முதலாளிமாரே அவளோடு கதைக்க முன் ஒருதரம் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். புருசனைக் கொழும்பிலிருந்து கூட்டிவந்த பிறகு அந்த வாய் இன்னும் நீண்டுவிட்டது.

புருசன் சின்னராசாவுக்கு இரத்தப் புற்றுநோய். அவருடைய தம்பி யுகேந்திரனின் எலும்பு மச்சையை எடுத்து அவருக்கு ஏற்றினார்கள். அது பிடித்துக்கொண்டது. ஆட்களை அண்டவிடக் கூடாது, கொதித்தாறின தண்ணீர்தான் குடிக்க வேண்டும், குளிசையை ஒருவேளையும் விடக் கூடாது என்று சொல்லித்தான் டொக்டர் வீட்டுக்கு விட்டார். புது மச்சைக்கு அவருடைய உடம்பு அந்நிய உடம்பாம். குளிசை நின்றால் அது அவரையே அடிக்கத் தொடங்குமாம்.

சுலோஜனா வாசல் படலையைக் கயிறு போட்டுக் கட்டினாள். கணவாய்க் கறியோடு வந்த சொந்த அக்காவையே வெளியில் நிறுத்தித் திருப்பினாள். "செத்தவீடெண்டால் கூப்பிடுறன், அப்ப எல்லாரும் வாங்கோ" என்றாள். ஊர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. தூக்கட்டும்.

யுகேந்திரனை மட்டும் மறிக்க ஏலவில்லை. மச்சை குடுத்தவனை எப்படி மறிக்கிறது? வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு தள்ளியிருந்து கதைப்பான். ஒருநாள், குளிசை என்னத்துக்கு என்று கேட்டான். அவளும் உள்ளதைச் சொன்னாள்.

"என்ர மச்சை அண்ணனை அடிக்குமோ, அண்ணி? ஒரு தோணியில தொழில் செய்து, ஒரு சட்டியில சாப்பிட்ட ஆக்கள் நாங்கள்."

அதோடு அவன் வருகிறதை நிறுத்திவிட்டான். சின்னராசாவுக்கு மனம் கேட்கவில்லை. தம்பியை நம்பாமல் மருந்து குடிப்பது போல் அவருக்குப் பட்டது. அவள் சமைக்கக் குசினிக்குள் போகிற நேரம் பார்த்து, குளிசையை வாயிலிருந்து எடுத்து யன்னலால் எறிந்தார். உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. தம்பிக்குப் போன் எடுத்து, "குளிசையை விட்டிட்டன், நீ வா" என்றார். அவன் வந்தான். இரண்டு பேரும் சிரித்துக் கதைக்கிறதைக் கண்டு, பாவி மனுசி, கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தாள்.

முதலில் உள்ளங்கை சிவந்தது. பிறகு தோல் உரிந்தது, வயிறு ஓடியது, கண் மஞ்சளானது. கொழும்புக்குக் கொண்டோடினாள். அங்கேதான் சின்னராசா குளிசையை எறிந்த கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

வந்திறங்கியபோது யுகேந்திரன் படலைக்கு வெளியே மணலில் குந்தியிருந்தான்.

"இன்னொருக்கா என்னட்ட மச்சை எடுக்கச் சொல்லுங்கோ, அண்ணி."

அவனை ஏசத்தான் வாயைத் திறந்தாள். புருசனைப் பின்பக்கத்தால் கொண்டுபோய் உள்ளே படுக்கவைத்துவிட்டு வந்து, படலைக் கயிற்றைப் பிடித்தாள். உப்புக்காற்றில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்து, படலையை அகலத் திறந்து வைத்தாள். வெளியே ஒழுங்கையில் அக்கா நின்றிருந்தாள்.

"வாங்கோ அக்கா. எல்லாரையும் வரச்சொல்லுங்கோ" என்றாள்.

அக்கா அந்த இடத்திலேயே இருந்து தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.