ஒரு நாளைக்கு ஒரு கேள்வி

அப்பா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் படுக்கை விரிப்பு மடித்தார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறி, நெருங்கி வந்து, மறுபடி விலக வேண்டும். நெருங்கும்போதெல்லாம் பேச்சு. அப்பாவின் ஜோடியை நான் மாமா என்பேன்; உறவு ஒன்றும் கிடையாது.

அப்பா எட்டாவதோடு நின்றவர். வாய் சும்மா இருக்காது. வரைபடத்தில் வடக்கை மேலே வைத்தது யார்? செங்கடல் சிவப்பா? வட துருவத்தில் நிற்பவர் மெக்கா நோக்கித் தொழ எந்தப் பக்கம் திரும்புவார்? எல்லாம் என் போனுக்கு வரும். வேறு ஊரில் மென்பொருள் வேலையில் இருந்தேன். படித்த பிள்ளைக்குத் தெரியாதது இல்லை என்று நம்பினார்.

முதலில் பதில் சொன்னேன். பிறகு ‘அப்புறம் சொல்றேன்’ என்றேன். பிறகு எரிந்து விழுந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினேன். கேள்வி வந்தால் அது பதில் தேடும், என் நடையில் எழுதும், என் எண்ணிலிருந்து அனுப்பும். சந்தேகம் வராதிருக்கப் பதினொரு நிமிடம் காத்திருக்கும். மூன்று மணி நேர வேலை. பெருமையாக இருந்தது. அதன்பின் அவர் செய்திகளை நான் திறக்கவே இல்லை.

அந்தப் பதில்களை அவர் சலவைக்கூடத்தில் உரக்க வாசிப்பாராம். 1582இல் சில நாடுகளில் அக்டோபர் நான்குக்கு மறுநாளே பதினைந்து என்று வாசித்த அன்று, அந்தப் பத்து நாளுக்குச் சம்பளம் கொடுத்தார்களா என்று இஸ்திரி அக்கா கேட்டாராம். அதுவே மறுநாள் கேள்வி. இதெல்லாம் மாமா சொல்லித்தான் தெரியும், அப்பா போன பிறகு.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மடிக்கிற மேசை அருகே அப்பா விழுந்தார். மாமா அப்பாவின் போனிலிருந்து என்னை இரண்டு முறை அழைத்தார். கூட்டத்தில் இருந்தேன், துண்டித்தேன். ‘அப்பா விழுந்துட்டார், உடனே கூப்பிடு’ என்று செய்தி அனுப்பினார். பதினொரு நிமிடம் கழித்து என் எண்ணிலிருந்து பதில் போனது. ‘நல்ல கேள்விப்பா’ என்று தொடங்கி, மருத்துவமனைகளின் வரலாறு பற்றி நான்கு பத்தி.

அப்பா இறந்த ஐந்தாம் நாள் அவருடைய பொருட்களை எடுக்கச் சலவைக்கூடத்துக்குப் போனேன். மாமா என்னை ஓரமாக அழைத்தார்.

“அன்னிக்கு வந்த பதில அழிச்சுட்டேன்மா. இவங்க யாரும் பாக்கல.”

“பதில் போடுறது மெஷின்னு அப்பாவுக்குத் தெரியுமா மாமா?”

“தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான்னு எங்கள வரிசைல விட்டாரு. பொண்ணு வேலைய விட்டுட்டு உக்காந்து எழுதுதாம். அக்கா ஒரே நாள்ல ரெண்டு கேட்டதுக்கு அன்னிக்கு முழுக்க அவகூடப் பேசல.”

அதற்குள் இஸ்திரி அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என் பதில் வரும்வரை யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மாட்டார்களாம். நன்றி சொன்னார். மாமா வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். என்னால் மறைக்க முடியவில்லை.

“அத எழுதினது நான் இல்லக்கா. மெஷின்.”

அக்கா கை துடைப்பதை நிறுத்தினார்.

“கடைசில சாப்பிட்டீங்களான்னு கேப்பியே, அதுவுமா?”

விசாரிக்கிற வரிகள் முப்பது எழுதி, மாற்றி மாற்றி ஒட்ட நிரலுக்குச் சொல்லியிருந்தேன்.

“அதுவும்தான்.”

“அந்த வரிய மட்டும் எங்களுக்கு வாசிக்க மாட்டாரு. அது எனக்குன்னு சொல்லி போனை மூடிருவாரு. ஒருநாள் எட்டிப் பாத்துத்தான் எனக்கே தெரியும்.”

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அடுத்த வண்டி விரிப்பு வந்து நின்றது. அக்கா இஸ்திரிக்குத் திரும்பினார். அப்பாவின் செருப்பையும் கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தேன்.