வட்டைவிதானையின் வெயில் தொப்பி

சென்ற மாதம் என் மகன் பொத்துவில் பக்கம் சுற்றப் போய், வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கும் கடையொன்றில் வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கி வந்தான். பழைய துரைமார் போட்ட தொப்பியின் அதே அச்சு, ஆனால் பிளாஸ்டிக். தட்டிப் பார்த்தேன், வாளி மாதிரிச் சத்தம் போட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வாப்பாவின் தொப்பியைத் தட்டினால் சத்தமே வராது.

அது நெட்டியில் செய்தது. குளத்துச் சேற்றில் முளைக்கும் நெட்டிச் செடியின் தண்டைச் சீவி, ஒட்டி, மேலே துணி போர்த்துவார்கள். நம் வெயில் மண்டையைத் துளைத்து மூளையைக் கலக்கிவிடும் என்று வெள்ளைக்காரர்கள் மெய்யாகவே நம்பினார்கள். அந்தத் தொப்பி இல்லாமல் பிள்ளைகளை முற்றத்தில்கூட விடமாட்டார்களாம். அதே வெயிலில் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு களை பிடுங்கிய நம் ஆட்களைப் பார்த்தும் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. உலக யுத்தத்தில் பட்டாளத்துக்காரர்கள் அது இல்லாமல் திரிந்தும் ஒன்றும் ஆகாததைக் கண்டபிறகுதான் பயம் தெளிந்தது. அவர்கள் கழற்றியதை நம் உத்தியோகத்தர்கள் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். வெயிலுக்காக அல்ல, மதிப்புக்காக.

வாப்பா கல்முனைக்குடிக்காரர். மேற்கே இருந்த வயல்வெளிக்கு வட்டைவிதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துக் காப்பது அவர் வேலை. மாற்றலாகிப் போன என்ஜினியர் ஒருவர் அந்தத் தொப்பியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் விளிம்பு, தொழும்போது சுஜூதில் நெற்றியை நிலத்தில் பட விடாது. அதனால் உள்ளே தொழுகைத் தொப்பியும் போட்டுக்கொள்வார்.

“ஒரு தலைக்கு ரெண்டு தொப்பியா?” என்று உம்மா சிரிப்பார்.

பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசும்போது, மிச்சத்தைத் தொப்பிக்கும் பூசிப் பளிச்சென்று வைப்பது நான்தான். அதைப் போட்ட நாளிலிருந்து தண்ணீர்க் களவு நின்றுவிட்டதென்று வாப்பாவுக்குப் பெருமை தாங்காது.

தண்ணீர் குறைந்த ஒரு சிறுபோகத்தில், வாய்க்காலின் கடைசி வயலைச் செய்த பாண்டிருப்பு ஊர்ப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். கணவர் கால் முறிந்து படுக்கையில். அந்த வயல் விளையாவிட்டால் அந்த வருடம் அவர்களுக்குச் சோறில்லை.

“விதானையார், கதிர் தள்ளப்போற குடலைப் பயிர் கருகுது. தண்ணி வருகுதில்ல.”

“நான் தினமும் வந்து பாக்கிறன் தங்கச்சி. ஒழுங்காத்தானே ஓடுது?”

“ஓம், நீங்க வரக்குள்ள ஓடுது. உங்கட வெள்ளத் தொப்பி ஒரு மைல் கட்டைக்கு அங்காலயே தெரியுது. கண்ட உடன மேல்வயல்காரங்க வரம்பில வெட்டின வக்கடைய அடைச்சிப்போட்டு நிக்கிறாங்க. நீங்க திரும்பினா வரம்பத் திரும்ப வெட்டித் தங்கட வயலுக்கு விடுறாங்க.”

அந்த வெள்ளையைப் பூசியவள் நான். கதவுக்குப் பின்னால் நின்று வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன்.

மறுநாள் வாப்பா தொப்பியும் சைக்கிளும் இல்லாமல், சாரமும் துவாயுமாக நடந்தே வயலுக்குப் போனார். யாருக்கும் ஆள் தெரியவில்லை. நான்கு வக்கடைகள் திறந்து கிடந்தன. அதில் ஒன்று என் மாமாவுடையது, உம்மாவின் சொந்தத் தம்பி. வாப்பா யாரையும் ஏசவில்லை. தானே சேறள்ளி நான்கையும் அடைத்துவிட்டு வந்தார்.

ஆனால் நாள் முழுக்க ஒருவர் அங்கே நிற்க முடியுமா? அடுத்த நாள் மேல்வாய்க்கால் கரையில், பற்றைப் புதருக்கு நடுவே ஒரு கம்பை நட்டு அதில் தொப்பியை மாட்டினார். சைக்கிளும் நின்றால்தான் ஆள் நிற்பதாக நம்புவார்கள் என்று அதையும் பக்கத்தில் சாத்தினார். மற்ற வாய்க்கால்களையும் பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் தொழுகைத் தொப்பியோடு மூன்று கட்டை நடந்து வீட்டுக்கு வந்தார். அப்படியே ஒவ்வொரு நாளும். முகம் கறுத்து, கழுத்துத் தோல் உரிந்தது.

“தொப்பிய எடுத்துட்டு வாங்க வாப்பா” என்று அழுதேன்.

“அது வேலையில நிக்கிது மகள்” என்றார்.

கடைசி வயலுக்குத் தண்ணீர் போனது. கதிர் தள்ளி, முற்றி, அறுவடையும் ஆனது. இடையில் பெய்த ஒரு மழையில் தொப்பி ஊறி, நெட்டி நெட்டியாகக் கழன்று போயிற்று. இவ்வளவு பெரிய ஆட்களை ஒரு கம்பால் ஏமாற்றிவிட்டார் என்று வெகுகாலம் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வாப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கம்பில தொப்பிதான் இரிக்கி எண்டு ரெண்டாம் நாளே எங்களுக்குத் தெரியும் புள்ள,” என்றார். “மச்சான் வேர்த்து வழிய நடந்து போறதயும் பாத்தம். அதுக்குப் பொறகு வரம்ப வெட்ட மம்பட்டியத் தூக்க ஒருத்தருக்கும் கை வரல்ல.”