புளி உலுக்க இரண்டு பேர்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் மலையேறி வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எனக்குக் கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் இந்த நினைவு மலரை எழுதுகிறேன்.

அம்மா இந்த ஜவ்வாது மலையிலேயே பிறந்து, பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். பள்ளிக்கூடம் போனதில்லை. சாமைக் கொல்லையிலும் புளியமரத்தடியிலும் உழைத்து, என்னை ஒடுகத்தூரில் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அப்பாவிடம் மட்டும் அந்த அமைதி செல்லாது. போன வருடம் தை மாதம் காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை. வயது நாற்பத்து மூன்று.

புளி உலுக்குவது எங்கள் பக்கம் இருவர் வேலை. அப்பா மேலே ஏறி உலுக்குவார், அம்மா கீழே பொறுக்குவார். மாசியில் தனியாக மரம் ஏறிய அப்பா, பழக்கத்தில் "தள்ளிக்கோ" என்று குரல் கொடுத்திருக்கிறார். கீழே ஆளில்லை. உலுக்காமலே இறங்கிவிட்டார். அதன்பிறகு கொல்லைப் பக்கமும் போகவில்லை.

பங்குனியில் அம்மாவின் அண்ணன், என் மாமா, வந்தார். தங்கள் ஊரில் கணவரை இழந்த ஒருவரைப் பற்றி அப்பாவிடம் பேச்செடுத்தார். எங்கள் மலையில் இது புதிதல்ல. மலைக்குக் கீழே படித்த எனக்குத்தான் உறுத்தியது. மூன்று மாதம்கூட ஆகவில்லையே என்று கோபப்பட்டேன்.

"நீ திங்கக்கெழம பஸ் ஏறிப் போய்டுவ. உங்கப்பன் யாரப் பாத்துடா பேசுவான்? அவ என் தங்கச்சி. எனுக்கு மட்டும் வலிக்காதா?" என்றார் மாமா.

அப்பாவோ, "புள்ளைக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம் மச்சான்" என்று முடித்துவிட்டார். முடிவு என் கையில் வந்து நின்றது.

அம்மா செய்த வேலையை நானே செய்துவிடலாம் என்று நினைத்து, மறுநாள் அப்பாவை மரத்துக்கு அழைத்துப் போனேன். எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றதில் புளி மொத்தமும் என் தலையில் விழுந்தது. அப்பா சிரித்தார். அம்மா போனபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"உங்கம்மா கொம்பு ஆடறதப் பாத்தே தள்ளிக்கும். நீ இன்னாடா நட்டு வெச்சாப்ல நிக்கிற? வருஷா வருஷம் லீவு போட்டு வந்து அடி வாங்குவியா?"

பொறுக்கி முடித்ததும் மாமாவுக்கு போன் செய்து, சரி என்றேன். ஆவணியில் சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா மறுபடி கொல்லைக்குப் போகிறார். பழையபடி சத்தம் போட்டுப் பேசுகிறார், சாப்பாட்டில் குறையும் சொல்கிறார். வீட்டுக்கு வர எனக்கு இப்போது பயமில்லை.

அம்மாவை டோலி கட்டித் தார் ரோடு வரை சுமந்து இறக்கிய பங்காளிகளுக்கும், ஆஸ்பத்திரியில் கடைசிவரை கூட இருந்த நர்ஸ் அக்காவுக்கும், மாமாவுக்கும் எங்கள் நன்றி.

அட்டைப் படத்தைப் பார்த்து அப்பாவுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று யாரும் பதற வேண்டாம். அம்மா எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ அப்பாவோடு சேர்ந்ததுதான். உயிரோடு இருப்பவரை இதில் போடக்கூடாது, வெட்டிவிடலாம் என்றார் அச்சகத்துக்காரர். நானும் தலையாட்டினேன். சின்னம்மாதான் விடவில்லை.

"வெட்ட வேணாம்பா. சேந்தே இருக்கட்டும்."