முகவரி தர மறுத்த துப்பறிவாளர்

எலப்புள்ளி ஆறுச்சாமி ஐயா காலமாகிவிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து நான் வெளியே வரும்போது, அவருடைய மகள் போனில் சொன்னார். தோட்டத்து லயத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சில மாதங்களாக அவரை வாய் ஓயாமல் ஏசிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐயா தனியார் துப்பறிவாளர். தொப்பி, துப்பாக்கியெல்லாம் கிடையாது. கல்யாணத்துக்கு முன் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு எப்படி என்று விசாரித்துச் சொல்வதுதான் பிழைப்பு. என்னைப் பெண் கேட்டவர்கள் அனுப்பித்தான் எங்கள் ஊரான தேவிகுளத்துக்கு வந்தார். வந்த இடத்தில், காணாமல் போன என் தம்பி முருகனின் படம் சுவரில் இருப்பதைப் பார்த்தார். சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டிய படம்.

காணாமல் போனபோது அவனுக்கு மூன்று வயது. பழனியில் மொட்டை போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், மறையூரில் பஸ் நின்றபோது இறங்கிவிட்டான். கூட்டத்தில், பிள்ளை அப்பாவிடம் இருக்கிறான் என்று அம்மாவும், அம்மாவிடம் இருக்கிறான் என்று அப்பாவும் நினைத்துக்கொண்டார்கள். மூணாறு வந்துதான் தெரிந்தது. அப்பா தேடித் தேடியே போய்ச் சேர்ந்தார்.

"ஏனுங்கம்மா, முடியெறக்கறதுக்கு முன்னால பொண்ணு வேசம் போட்டுப் புடிச்ச படமுங்களா இது? போலீசுக்கும் இதையேவா குடுத்தீங்க?" என்று கேட்டார் ஐயா.

"வேற படம் எங்ககிட்ட ஏதுய்யா?" என்றாள் அம்மா.

"போச்சு போங்க! சடை போட்ட புள்ளயத் தேடுனா மொட்டைப் பையன் எப்படிங்க கெடைப்பான்?"

இத்தனை வருஷம் எங்களில் ஒருத்தருக்காவது இது உறைத்ததா?

அந்தப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து மொட்டைத் தலையாக மாற்றி வாங்கினார். மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒவ்வொன்றிலும் காட்டினார். ஒரு பெரியவர் அடையாளம் சொன்னாராம். கரும்பு வெட்ட வந்த, பிள்ளையில்லாத ஒரு தம்பதி அவனை எடுத்து வளர்த்து, வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். போலீஸ் நோட்டீசை அப்போதே அவர்களும் பார்த்திருக்கிறார்கள். மலையாளம் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து யாரோ பெண் குழந்தை என்று விட்டுவிட்டார்கள்.

தம்பி உயிரோடு இருக்கிறான், நேரில் போய்ப் பார்த்துவிட்டேன் என்று ஐயா சொன்ன அன்று, அம்மா அவர் காலில் விழப் போனாள். அடுத்த நிமிஷமே சண்டை. முகவரி தர மாட்டேன் என்றுவிட்டார்.

"பையன் வளந்த ஆளுங்க. வளத்தவங்க மனசு ஒடைஞ்சிருமோன்னு பயப்படறான். அவனா வரோணும். நாம போயி நின்னா நல்லா இருக்காதுங்க."

"பெத்தவ நான் இங்க கெடந்து சாகுதேன், நீங்க ஞாயம் பேசுதீகளோ!"

எனக்கும் ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அம்மா எவ்வளவு ஏசினாலும் அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அவ்வப்போது போன் செய்து, "போய்ப் பாத்தனுங்க, நல்லா இருக்கான்" என்பார்.

எலப்புள்ளியில் ஐயாவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். அம்மா மாலை போட்டுவிட்டு நிமிர்ந்தாள். எதிரே, அப்படியே அப்பாவின் முகத்தோடு ஒருவன் அழுதுகொண்டு நின்றான்.

"அம்மா ஏசறாங்கடா, சீக்கிரம் வந்துருன்னு ஐயா சொல்லிட்டே இருந்தாருங்க. நாந்தான் நாளைக்கு நாளைக்குன்னு இருந்துட்டனுங்க" என்றான்.

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஐயாவின் பக்கம் திரும்பினாள். "எந்திரிங்கய்யா. பிள்ள வந்துட்டான், பாக்க வேண்டாமா?"

போய் வாருங்கள், ஐயா. உங்களைத் தூக்கும் நேரம் வந்தபோதுதான் அம்மா அவன் கையை விட்டாள், உங்களுக்குத் தோள் கொடுக்கட்டும் என்று.