கையுறை போட்ட கைக்கு ஒரு பொத்தான்

டென்மார்க்கில் குழந்தைகளைப் பகலில் வெளியே தூங்க வைக்கிறார்கள். பனி கொட்டினாலும் காப்பகத்துத் தோட்டத்தில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்றில் என் மகன் இனியன், ஒன்றரை வயது. மார்கழிப் பனிக்கே காதில் துணி கட்டிச் சிதம்பரத்தில் வளர்ந்தவள் நான். சேர்த்த அன்று "சம்மதம்தானே?" என்று கேட்டார்கள். தலையாட்டிவிட்டேன். மூன்று மாதமாக மதியமானால் எனக்கு வேலை ஓடவில்லை.

அலுவலகத்திலும் தலையாட்டிதான். நான் பிசினஸ் அனலிஸ்ட். யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதுகிறவள். அதை எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று பார்ப்பவர் ப்ராஜெக்ட் மேனேஜர் ஹென்ரிக். இரண்டு வருடமாகியும் அவர் பெயருக்குப் பின்னால் மனதுக்குள் ஒரு 'சார்' ஒட்டிக்கொள்கிறது. நான் கேட்டுக் கேட்டு வேலையை வளர்ப்பேன், அவர் நாட்காட்டியைப் பார்த்து வெட்டுவார். "இன்று எத்தனை புதுத் தேவை? உட்கார்ந்து கேட்கவா, படுத்துக்கொண்டு கேட்கவா?" என்பார். நான் தயங்கித் தலையசைத்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்.

2011 குளிர்காலத்தில், வீடு வீடாகச் சைக்கிளில் போய் முதியவர்களைக் கவனிக்கும் பெண்களுக்காக ஒரு கைக்கருவி செய்துகொண்டிருந்தோம். மேற்பார்வையாளர்களிடம் கேட்டு எல்லாம் எழுதியாயிற்று. முடிக்க மூன்றே வாரம் இருக்கும்போது ஒரு பணிப்பெண்ணோடு ஒரு காலை முழுக்கச் சுற்றினேன். ஒவ்வொரு வாசலிலும் அவர் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, விறைத்த விரலால் எங்கள் மாதிரிக் கருவியைப் பன்னிரண்டு முறை அழுத்தினார். "எங்களிடம் யாரும் கேட்கவில்லையே" என்று சிரித்தார்.

எனக்குக் கடலூர்ப் பக்கத்து மீனவர் ஊரான தேவனாம்பட்டினம் நினைவுக்கு வந்தது. சுனாமி அடித்துப் போன அடுத்த மாதம், கல்லூரி மாணவர்கள் நிவாரணம் திரட்டினோம். நோட்டுப் புத்தகத்தோடு போய்க் கேட்டு எழுதியது நான். லாரி பிடித்து, நாள் குறித்து அனுப்பியது சீனியர் செல்வம் அண்ணன். நான் ஆண்களிடம்தான் கேட்டேன். வலை என்றார்கள், அரிசி என்றார்கள். பட்டியலைக் கொடுத்த மறுநாள் மீன் விற்கும் அக்கா ஒருவர், தலையில் சுமக்க அன்னக்கூடை இல்லை என்றார். லாரி கிளம்பும் நேரம் குறித்தாகிவிட்டதே என்று நான் அதைச் செல்வம் அண்ணனிடம் சொல்லவில்லை. லாரி வந்து நின்றதும் அந்த அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கூடை வேணும்னு சொன்னேனே பாப்பா, எழுதலியா?"

செல்வம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, முன்னாடியே சொல்ல வேண்டியதுதான? ரெண்டு நாள் தள்ளிப் போட்டிருப்பேன்ல? லாரிய என்னா உங்க அப்பாவா ஓட்டறாரு, பயப்படறதுக்கு?"

அந்தக் கேலி ஏழு வருடம் கழித்தும் உறைத்தது. சொன்னால் தேதி போகும், ஹென்ரிக் என்மேல் வைத்த நம்பிக்கையும் போகும். மறுநாள் காலை அவர் மேஜைக்குப் போய், "தவறு என்னுடையது. நான் அந்தப் பெண்களிடம் கேட்கவில்லை. வாசலுக்கு வாசல் பன்னிரண்டு முறை அழுத்துகிறார்கள். கையுறையோடு அழுத்த ஒரே பொத்தான் வேண்டும்" என்றேன்.

அவர் நாட்காட்டியைப் புரட்டினார். "பன்னிரண்டை ஒன்றாக்க எத்தனை நாள்?"

"எட்டு."

"தேதியை நகர்த்த முடியாது. எட்டு நாள் வேலையை எடுத்துவிடு. எதை என்று நீ சொல்."

மாத அறிக்கை தரும் பகுதியை எடுத்துவிடச் சொன்னேன். ஆசை ஆசையாக நான் வரைந்தது. அவர் எழுந்து கோட்டை மாட்டினார். "வாடிக்கையாளரிடம் நான் பேசுகிறேன், நீ பக்கத்தில் உட்கார். அடுத்த முறை தலையாட்டாதே, பேசு."

அன்று மதியமே காப்பகத்துக்குப் போய்ப் பேசினேன். "என் பிள்ளைக்குக் குளிரும் என்று பயமாக இருக்கிறது." அங்கிருந்த பெண் கோபித்துக்கொள்ளவில்லை. தோட்டத்துக்கு அழைத்துப்போனார். "கையுறையைக் கழற்றிவிட்டு, கழுத்தில் கை வைத்துப் பாருங்கள்."

வலது கையுறையை மட்டும் கழற்றி, போர்வைக்குள் கை விட்டேன். சாயங்காலத்துக் கடற்கரை மணல்போல இளஞ்சூடாக இருந்தது இனியனின் கழுத்து. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். வண்டியைப் பிடித்திருந்த இடது கையின்மேல் பனி விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே இருந்த கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.